பழைய காரும் பழகிய கையும்



தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போவுக்குப் போகிற சாலையில் இன்று எத்தனையோ வகைக் கார்கள் ஓடுகின்றன. அவற்றின் நடுவே எப்போதாவது ஒரு பழைய மோரிஸ் மைனர், வளைந்த முதுகும் உருண்டைக் கண்களுமாக வந்துவிட்டால், பெரியவர்கள் நின்று பார்க்கிறார்கள். சிறுவர்கள் சிரிக்கிறார்கள். "இன்னும் ஓடுகிறதே" என்ற வியப்பு இருவருக்கும் பொது. அந்த வியப்பைத்தான் இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். செல்வந்தர்கள் பொழுதுபோக்குக்காகச் சேர்த்து வைக்கும் கார்களைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. உழைத்துப் பிழைக்கும் மக்கள் தங்கள் கைத்திறத்தால் உயிர் கொடுத்து வைத்திருக்கும் கார்களைப் பற்றியும், அந்தக் கார்கள் அவர்களை எப்படி ஒன்று சேர்த்தன என்பதைப் பற்றியும் பேசுவோம்.

உழைப்பாளிக்கு வாகனம் என்பது வெறும் போக்குவரத்துச் சாதனம் மட்டும் அல்ல. அது அவனுடைய மதிப்போடு சேர்ந்தது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். தொழிலாளிக்குச் சைக்கிளே பெரிய சொத்து. அந்தச் சைக்கிளிலும் நிமிர்ந்து உட்கார்ந்து போக முடியாத காலம் ஒன்று இருந்தது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். அவற்றோடு, துரைமாரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி சாலையைக் கடக்கும் உரிமைக்குக்கூட அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போவோம். யாழ்ப்பாணம் நமக்கு அறியாத ஊர் அல்ல. பிரிட்டிஷார் காலத்தில் மலாயா ரயில்வேயிலும், அரசாங்க அலுவலகங்களிலும், தோட்டத்துக் காரியாலயங்களிலும் எழுத்து வேலைக்கு வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களை அங்கே "மலாயா பென்சன்காரர்" என்றே சொன்னார்கள். தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்ட கிராணிமாரிலும் அவ்வூர்க்காரர்கள் இருந்தார்கள். ஆனால் காலம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த ஊர் மக்களே ஒரு சொட்டுப் பெட்ரோலுக்கு ஏங்கி நிற்கும் நாளும் வந்தது.

யாழ்ப்பாணத்தில் 1940களிலும் 1950களிலும் இங்கிலாந்தில் செய்த கார்கள் நிறைய இறங்கின. மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு, ஆஸ்டின் ஏ 40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் என்பன அவற்றுள் சில. டாக்டர்களும் ஆசிரியர்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். பிறகு அவையே வாடகைக் கார்களாகவும் ஓடின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய கார் வராது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு என்ற நிலை. இந்த நிலை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு நல்ல பயிற்சிக் காலமாக அமைந்தது.

அந்தக் கார்களின் அமைப்பும் அவர்களுக்குத் துணை செய்தது. இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டு ஆஸ்டின், மோரிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பிறகு ஆஸ்டினுக்காக உருவான சிறிய எஞ்சினே மோரிஸ் மைனரிலும் பொருத்தப்பட்டது. எனவே ஒரு காரின் உறுப்பு இன்னொரு காருக்கும் பொருந்தும் வாய்ப்புக் கூடியது. மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். எலக்ட்ரானிக் கருவி எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, விரலால் தொட்டே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

வாடகைக் கார்களைப் போலவே அந்த ஊர் மக்கள் நெஞ்சில் நிற்கும் இன்னொரு வாகனம் தட்டிவான். பழைய லாரிச் சட்டத்தின் மேல் மரப்பலகையால் கூடு கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்ட வண்டி அது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஆட்களையும் சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அது ஓடியது. மூட்டையும் பெண்களும் பிள்ளைகளும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு போன காலத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் ஆசையோடு பேசுகிறார்கள்.

இலங்கையில் 1983ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், வடக்கே செல்லும் பொருள்களுக்கு அரசு தடை விதித்தது. பெட்ரோல் போகக் கூடாது. மின்கலம் போகக் கூடாது. வண்டிகளுக்கான உதிரிப் பாகமும் போகக் கூடாது. மின்சாரமும் நின்றது. வானொலிக்கு மின்கலம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தால் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வானொலி முன் அமர்ந்து பழகிய நமக்கு அந்தக் காட்சியின் அருமை புரியும்.

அப்படியானால் கார்கள் எப்படி ஓடின? மண்ணெண்ணெயில் ஓடின. இது எப்படி முடிந்தது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பெட்ரோல் சாதாரணச் சூட்டிலேயே எளிதில் ஆவியாகும். அந்த ஆவி காற்றோடு கலந்து, எஞ்சினின் சிலிண்டருக்குள் போய், தீப்பொறி பட்டதும் எரிகிறது. மண்ணெண்ணெய் கனமான எண்ணெய். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளித்துளியாகவே நிற்கும், எளிதில் பற்றாது. ஆகவே எப்படியோ தேடிப் பிடித்த சிறிதளவு பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். சூட்டில் அது ஆவியாகி எரியத் தொடங்கும். பெட்ரோல் பசிக்கு மருந்து போல, மண்ணெண்ணெய்தான் சோறு.

இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டருக்குள் போகும் எரிபொருள் ஆவியை எஞ்சின் நெருக்கி அழுத்துகிறது. எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு சூடு பிறக்கும். மண்ணெண்ணெய் ஆவியை அதிகம் நெருக்கினால் கண்டபடி வெடித்து, எஞ்சினைச் சுத்தியலால் தட்டுவது போல ஓசை எழும். நாளடைவில் பிஸ்டன் கெட்டுவிடும். பழைய ஆஸ்டினும் மோரிஸும் ஏழு பங்கை ஒரு பங்காக நெருக்கும் அளவில் அமைந்தவை. பின்னாளில் வந்த கார்கள் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் நெருக்குபவை. அதனால்தான் புதிய கார்கள் நின்றுபோன இடத்தில் பழைய கார்கள் ஓடின. இங்கிலாந்தில் 1940களில் விவசாயிகளுக்காகச் செய்த பெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை இதே முறையில், பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடியதுதான்.

ஆனால் இதில் நட்டமும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும். அடிக்கடி மாற்றாவிட்டால் எஞ்சின் தேயும். தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்ட வேண்டும். புகையும் நாற்றமும் சொல்லி முடியாது. இத்தனைக்கும் ஈடுகொடுத்துத்தான் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போனார்கள்; மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே நாளில் வெளியேற நேர்ந்தபோது, மழையில் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்த அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள், சைக்கிளைத் தள்ளியவர்கள், மண்ணெண்ணெய் வண்டிகளில் முதியவர்களை ஏற்றியவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்தது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ 9 சாலை திறந்தது. 2006இல் அது மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தது. புதிய வண்டிகள் வந்து குவிந்தன. ஆயினும் பழைய மோரிஸும் ஆஸ்டினும் யாழ்ப்பாணத்தில் அடியோடு மறைந்துவிடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவற்றைத் தேடிப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பழைய தகரமும் பளபளப்பும். தடையினால் முடக்க முடியாத ஒன்று அதற்குள் இருந்தது. அது மெக்கானிக்கின் கை. பெட்ரோலைத் தடுக்கலாம், உதிரிப் பாகத்தைத் தடுக்கலாம். கற்ற தொழிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் பறித்து வைக்க முடியாது.

யாழ்ப்பாணத்தார் தட்டுப்பாட்டினால் பழைய காரைக் காத்தார்கள். அதே பழைய காரைத் தங்கள் மதிப்புக்காகக் கையில் எடுத்த இன்னொரு உழைப்பாளி மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் மெக்சிக்கோ வம்சாவளியினர். அவர்களில் பலர் திராட்சைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் கூலிக்கு உழைத்தவர்கள். குனிந்து பறித்து, முதுகு வலிக்கப் பிழைத்தவர்கள். நம் கதையும் அவர்கள் கதையும் வெகுதூரத்தில் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த மக்களின் பிள்ளைகள் பிறர் ஓட்டிக் கழித்த பழைய கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். மற்ற அமெரிக்க இளைஞர்கள் காரின் பின்புறத்தைத் தூக்கி வேகமாக ஓட்டுவதைப் பெருமையாக நினைத்தபோது, இவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். பின்பெட்டியில் மணல் மூட்டை வைத்துக் காரைத் தாழ்த்தினார்கள். தாழ்வாகவும் மெதுவாகவும் போவதே அழகு என்றார்கள். இந்த வகைக் காருக்கு லோரைடர் என்று பெயர் வந்தது. காருக்குப் பல அடுக்கு வண்ணம் பூசினார்கள். பூக்களையும் தெய்வ உருவங்களையும் தீட்டினார்கள். உள்ளே வெல்வெட் தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்கே உள்ள விட்டியர் சாலையில் வரிசையாக ஊர்ந்து போனார்கள். நம் கோயில் இரதம் ஏன் மெதுவாக வருகிறது? எல்லாரும் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்காக. அவர்கள் காரும் அப்படியே வந்தது.

இது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. சக்கர வட்டையின் கீழ்விளிம்புக்கும் கீழாகக் காரின் எந்தப் பகுதியும் தாழக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் போட்டார்கள். அது 1958ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே ரான் அகீரே என்ற இளைஞர் அதற்கு ஒரு வழி கண்டார். போர் முடிந்து கழித்துப்போட்ட விமானங்களின் எண்ணெய்ப் பம்பை வாங்கித் தன் காரில் பொருத்தினார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி எண்ணெய் அழுத்தத்தால் தன் பெட்டியைத் தூக்கிக் கொட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே தத்துவம்தான். விசையைத் தட்டினால் கார் சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழும்பும். மறுபடி தட்டினால் தாழும். போலீஸ் வந்தால் உயரம், போனால் தாழ்வு.

கார்ச் சங்கங்களும் பிறந்தன. 1962ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டியூக்ஸ் என்ற சங்கம் அவற்றுள் பழையது. கலிபோர்னியாவில் 1965ஆம் ஆண்டு முதல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டுகள் நடந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான சீசர் சாவேஸின் தொழிலாளர் சங்கத்துக்கு டியூக்ஸ் சங்கத்தார் கார்க் கண்காட்சி வைத்து நிதி திரட்டித் தந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அப்படி வண்டியை வைத்து ஊரைக் கூட்டினார்கள். ஆயினும் 1979ஆம் ஆண்டு விட்டியர் சாலையில் கார்கள் ஊர்வலம் வருவதைத் தடுத்து அடைத்தார்கள். லோரைடர் ஓட்டுகிறவன் போக்கிரி என்ற பேச்சும் நீண்ட காலம் இருந்தது.

இன்று அந்தப் பேச்சு மாறிவிட்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சிமாயோ என்ற சிற்றூரில் டேவிட் ஹராமியோ என்பவர் 1969ஆம் ஆண்டு போர்டு கார் ஒன்றை அலங்கரிக்கத் தொடங்கி, 1978இல் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தாரும் ஊர்க் கைவினைஞர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். இப்போது அந்தக் கார் வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு கலிபோர்னியா அரசு பழைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. தாழ்ந்த கார் அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் கண்ணில் நிமிர்ந்தது.

நேயர்களே, இவற்றால் நமக்கு என்ன என்று கேட்கலாம். பேராவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறின. பால்வெட்டுக் கத்தியின் திறமைக்கு அங்கே இடம் இல்லை. பிள்ளைகளோ மோட்டார் சைக்கிளிலும் காரிலும் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றுகிறார்கள்; வண்ணம் பூசுகிறார்கள். "உருப்படாத பையன், எந்நேரமும் பட்டறையிலேயே கிடக்கிறான்" என்று பெற்றோர் வருந்துகிறார்கள்.

அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜோகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் அதிகாலை வேளையில் சாலையில் திரண்ட சிறுவர்கள் மீது கார் மோதியதில், எட்டுப் பேர் இறந்தார்கள். வண்டி மேலுள்ள ஆசை தனியாக, இருட்டில், வேகத்தோடு சேர்ந்தால் இப்படி முடிகிறது. அதே ஆசை பகலில், பெரியவர்கள் நடுவில், நிதானத்தோடு சேர்ந்தால் தொழிலாகிறது, சங்கமாகிறது. கலிபோர்னியாவில் காரைத் தாழ்த்திய பிள்ளைகள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். நம் நாட்டில் ஜேபிஜே அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம் என்பதையும், பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் தெரியாமல் தொடுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் கிடக்கிற பையனுக்குப் பெற்றோர் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் வேலை செய்தே தொழில் கற்றவர்களின் முன்னைய அனுபவத்தை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழை வழங்கும் முறையும் இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகா அதை நடத்துகிறது. வேலை செய்த காலம், செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம் போன்ற சான்றுகளை இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இப்போதைய கார்களில் பாதி வேலை மின்சுற்றும் கணினியும்தான். அதற்குத் தோள்வலிமையைவிடக் கவனமே முக்கியம்.

வீட்டின் பின்னால் தாத்தாவின் பழைய சைக்கிளோ, அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிளோ துருப்பிடித்துக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், அதை ஓட்டியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்தில் வாங்கியது, எத்தனை வெள்ளி, எத்தனை மாதத் தவணை, யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்று கேட்டு எழுதி வைக்கட்டும். பிறகு அவர்களையே கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். சங்கிலி எப்படி ஓடுகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர்கள் அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். அந்தச் சைக்கிளை ஓட்டிய மனிதர் யாருக்காகவும் இறங்கி நின்றாரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.